பதினெட்டு, சார்

— ஒக்காராத சாரா. நின்னுக்கிட்டே சொல்லிட்டுப் போ. ஒக்காந்தா பேச்சு வளரும்.

— நின்னே சொல்றேன் மொதலாளி. கதவையாச்சும் கொஞ்சம் தெறங்க. கம்பெனிய மூடி இத்தன மாசமாச்சு, பீடித்தூள் நெடி இன்னும் மூச்ச அடைக்குது.

— தெறந்தா தெருவுல போறவன் எட்டிப் பாப்பான். ஷேக் தாவூது ராவுத்தரு தனியா குந்திக்கிட்டு என்ன பண்றாருன்னு பாக்கணும் அவனுக்கு. நாப்பதாம் நாள் பாத்திஹா வரைக்கும் வந்தாங்க, அழுதாங்க, சோறு தின்னாங்க. அப்புறம் பாலக்கரையில எனக்கு வழிவிட்டு ஒதுங்கிப் போறான் ஒவ்வொருத்தனும். மூடியே கெடக்கட்டும்.

— வீட்டுக்குப் போறதில்லையா? பாயி தலவாணியெல்லாம் இங்க கெடக்கு?

— வீட்டுல யாரு இருக்கா? வீட்டுக்காரி கமருன்னிசா மௌத்தாகிப் போனப்ப, "புள்ள இருக்கான்ல, அவன் மொகத்தப் பாத்துத் தேத்திக்க"ன்னாங்க. இப்ப யாரு மொகத்தப் பாக்கச் சொல்லுவாங்க? சொல்ல வார்த்த இல்லாமத்தான் எவனும் வர்றதில்ல. சரி, பேச்ச வளக்காத. எதுக்கு வந்த?

— எதுக்குன்னு ஒங்களுக்குத் தெரியும்.

— தெரியும். ஒன் வாயால சொல்லு. எம்புள்ளையக் கொன்னவனுக்கு என்ன வேணும்னு, பெத்தவ நீ, எம்புள்ள விழுந்து கெடந்த எடத்துல நின்னு சொல்லு.

— உசுரு வேணும். வேற என்ன கேப்பேன்? வக்கீலு தைரியராஜு அனுப்பினாரு. இங்க போட்ட தூக்கு, மெட்ராஸ் ஐகோர்ட்டுல சரின்னு சொன்னாத்தான் நெலைக்குமாம். அதுக்குள்ள நீங்க ஒரு வார்த்த எழுதிக் குடுத்தா என் நிஜாமு பொழச்சிக்குவான். பதினாறு முடியாத புள்ளையத் தூக்குல போட சட்டத்துல எடமில்லையாம்.

— அவனுக்குப் பதினாறு முடியலைன்னு நான் எழுதணும். இல்ல?

— ஆமாங்க மொதலாளி. பதினஞ்சுன்னு.

— கோர்ட்டுல கூண்டுல ஏத்தி, ஜட்ஜு அவனையே கேட்டாரே வயசென்னன்னு. நீயும் பொம்பளைங்க பக்கம் நின்னுக்கிட்டுதான இருந்த? என்ன சொன்னான்?

— "பதினெட்டு, சார்"ன்னான்.

— எப்படிச் சொன்னான்? திக்கினானா? தெணறுனானா?

— இல்ல. நெஞ்ச நிமித்திக்கிட்டுச் சொன்னான்.

— அப்புறம் என்ன? அவனே ஒத்துக்கிட்டான். டாக்டரு பல்லப் பாத்தாரு, எலும்பப் படம் புடிச்சாரு, பதினாறுக்கு மேலதான் இருக்கும்னு எழுதுனாரு. ஒசரமும் கை காலும் பாத்தா எவன் சொல்லுவான் புள்ளைன்னு? இதுல நான் வந்து என்ன புதுசா சொல்றது?

— ஒடம்பு அவங்க அத்தாவக் கொண்டிருக்கு. அந்த மனுஷனும் பனமரமாத்தான் இருப்பாரு. டாக்டருக்கு எலும்பு தெரியும் மொதலாளி. அவன் எப்பப் பொறந்தான்னு ஒங்களுக்குத் தெரியும்.

— எனக்குத் தெரியாது.

— அல்லா கேட்டுக்கிட்டிருக்கான்.

— அவன் எல்லாத்தையும்தான் கேட்டுக்கிட்டிருக்கான். எம்புள்ள அன்னிக்கி மொனகுனதையும்தான் கேட்டிருப்பான்.

— ஜப்பான்காரன் குண்டு போடப் போறான்னு பட்டணத்துலேருந்து சனமெல்லாம் ரயிலேறி திருச்சிக்கு ஓடி வந்துச்சே, அந்தச் சித்திர வெயில மறந்துட்டீங்களா? ஜங்ஷனுல மூட்டமுடிச்சோட ஆளுங்க படுத்துக் கெடந்தாங்க. ரங்கூனுலேருந்து நடந்தே வரேன்னு சொல்லியனுப்புன எம் புருஷன் வரல. வழியிலயே போயிட்டாருன்னு சேதி மட்டும் வந்துச்சு. அன்னிக்கி எனக்கு நோவு எடுத்துச்சு. புள்ள வந்தான், பால் வரல. துக்கத்துல மாரு காஞ்சு போச்சு. அப்ப ஒங்க வீட்டுல ஜெகபரு பொறந்து ஒரு வாரந்தான் ஆயிருந்துச்சு.

— நிறுத்து.

— கமருன்னிசா அக்காதான் எம்புள்ளைய வாங்கி மடியில போட்டுக்கிட்டாங்க. இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. "ரெண்டு கன்னுக்குட்டியும் என்னை முட்டியே கொன்னுடும் சாரா"ன்னு சிரிப்பாங்க. நீங்க வாசல்ல நின்னு தொண்டையச் செருமிட்டுத்தான் உள்ள வருவீங்க.

— நிறுத்துன்னேன்ல?

— ஒரே பால் குடிச்ச புள்ளைங்க. நம்ம மார்க்கத்துல அதுங்க கூடப்பொறந்ததுங்க மாதிரி. ஒண்ணுக்குப் பதினஞ்சுன்னா இன்னொண்ணுக்கு எப்படிப் பதினெட்டு ஆகும்?

— அதையே ஜட்ஜுகிட்ட சொல்ல வேண்டியதுதான?

— சொன்னேன். பெத்தவ, புள்ளையக் காப்பாத்தப் பொய் சொல்றான்னுட்டாரு சர்க்கார் வக்கீலு. முனிசிபாலிட்டில பதிஞ்சியான்னு கேட்டாரு. புருஷன் செத்த சேதி வந்தன்னிக்கி எவ போயி புள்ளையப் பதிவா? பேறு பாத்த மருத்துவச்சி போயிட்டா. அக்கா போயிட்டாங்க. நீங்க ஒருத்தருதான் பாக்கி. செத்த புள்ளையோட தகப்பனே வந்து சொன்னா ஐகோர்ட்டு கேக்காம இருக்காதுன்னு வக்கீலு சொல்றாரு.

— வயசு, வயசுன்னு நீயும் ஒன் வக்கீலும் அடிச்சிக்கிறீங்களே, கேளு. கொல்லத் தெரிஞ்ச கைக்கு என்ன வயசு? பதினஞ்சு வயசுக் கத்திரின்னா எம்புள்ள நெஞ்சுல பாதிதான் எறங்குமா?

— இல்லைங்க மொதலாளி.

— செத்தவனுக்கு ஆயுசு கொறைஞ்சது கொறைஞ்சதுதான். கொன்னவனுக்கு மட்டும் வயசு கொறைஞ்சா உசுரு மிஞ்சுமோ? நல்ல சட்டம்.

— நல்ல சட்டமா கெட்ட சட்டமான்னு எனக்குத் தெரியாது. பீடி எல பொறுக்குற சிறுக்கி நான். ஆனா ஒண்ணு மட்டும் தெரியும். எம்புள்ள கை வளந்துச்சு, புத்தி இன்னும் வளரல. அவனுக்கு நாளைக்கின்னா என்னன்னு தெரியாது. மௌத்துன்னா என்னன்னு தெரியாது. கோவம் வந்தா எது கையில இருக்கோ அதோட பாயுற வயசு அது.

— புத்தி வளரலையா? நான் என்னத்தப் பாத்தேன்னு ஒனக்குத் தெரியுமா? கோர்ட்டுல சொன்னத நீ கேட்ட. கண்ணால பாத்தவன் நான்.

— சொல்லுங்க. இன்னொரு வாட்டி சொல்லுங்க. நான் கேட்டுக்குறேன்.

— சாயங்காலம் அஸர் தொழுதுட்டு வரேன். கதவு ஒருக்களிச்சிருக்கு. எம்புள்ள அந்தத் தூணாண்ட கெடக்கான். கண்ணு மேல பாத்திருக்கு. இவன் என்ன பண்ணிக்கிட்டிருந்தான் தெரியுமா? எம்புள்ளையத் தூக்கலை. மடியில போட்டுக்கலை. கூப்பாடு போடலை. பெரியாஸ்பத்திரி கூப்பிடுற தூரம், ஒரு சத்தம் குடுத்திருந்தா தெருவே தூக்கிக்கிட்டு ஓடியிருக்கும். இவன் சட்டையக் கழட்டி வெச்சிக்கிட்டு, பீடி எலையில பட்ட ரத்தத்தத் தொடச்சிக்கிட்டிருந்தான் சாரா. ஒவ்வொரு எலையா எடுத்து. தொடச்சு அடுக்கி அடுக்கி வெக்கிறான். எம்புள்ள பக்கத்துலயே கெடக்கான்.

— யா அல்லா.

— தடயத்த அழிக்கிறான்னாரு சர்க்கார் வக்கீலு. இது புள்ள புத்தியில்ல, தேர்ந்த கொலைகாரன் புத்தின்னாரு. ஜட்ஜு தலைய ஆட்டினாரு. அவரு சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? ராத்திரி கண்ண மூடுனா அந்தக் கை எலையத் தொடைக்கிறதுதான் தெரியுது. எம்புள்ள மொகம் கூட தெரிய மாட்டேங்குது. அவன் கைதான்.

— ஏன் தொடச்சான்னு நானும் கேட்டேன் மொதலாளி. ஜெயிலுக்குப் போறப்பெல்லாம் கேக்குறேன். வாயத் தெறக்க மாட்டேங்குறான். என்ன நடந்துச்சுன்னும் சொல்லல, எதுக்கு சண்டைன்னும் சொல்லல.

— என்னத்தச் சொல்லுவான்?

— ஆனா வயசக் கேட்டா மட்டும் ஒடனே சொல்றான். வார்டரு கேட்டாலும் "பதினெட்டு, சார்". பெரிய அதிகாரி கேட்டாலும் "பதினெட்டு, சார்". கால்சட்ட போட்ட ஆளு யாரு எதுக்க வந்து நின்னாலும் நெஞ்ச நிமித்திக்கிறான். அத யாரு சொல்லிக் குடுத்தது மொதலாளி? சொல்லுங்க. நான் பேச்ச வளக்கல. கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.

— கம்பெனின்னா இன்ஸ்பெக்டரு வருவான். பதினாலுக்குக் கீழ ஆளே வெக்கக் கூடாதும்பான். பதினஞ்சு, பதினாறுன்னா டாக்டரு சீட்டு எங்கம்பான். பதினெட்டுன்னா மறுகேள்வி கெடையாது. ஊருல எல்லாக் கம்பெனிலயும் அதான் பேச்சு. நான் மட்டுமா சொல்லிக் குடுத்தேன்?

— நீங்க பெரம்ப வெச்சிக்கிட்டு இன்ஸ்பெக்டரு மாதிரியே ஒக்காருவீங்க. "பேரென்னடா? வயசென்னடா?" பதினஞ்சுன்னு வாய் தவறிச்சுன்னா உள்ளங்கையில ஒண்ணு விழும். தூங்குறவன எழுப்பிக் கேப்பீங்க. சோறு திங்கையில கேப்பீங்க.

— ஜெகபருக்கும் அதான். மொதலாளி மகன்னு அவனுக்கு மட்டும் அடி கொறைச்சலா விழுந்துச்சா?

— இல்ல. அவனுக்குத்தான் கூட விழும். நான் கொற சொல்ல வரல. நானும் அங்கதான் எல பொறுக்கிக்கிட்டு ஒக்காந்திருந்தேன். எம்புள்ள நெஞ்ச நிமித்திக்கிட்டு "பதினெட்டு, சார்"ன்னப்ப, பாத்து சிரிச்சேன். பெரிய மனுஷனாட்டம் இருக்கான்டின்னு பக்கத்துல இருந்தவகிட்ட பெருமையாச் சொன்னேன். வாரக்கூலிய மடியில முடிஞ்சிக்கிட்டுப் போனேன். அந்தப் பாவத்துல எனக்கும் பங்கு இருக்கு.

— ஒண்ணு சொல்றேன், வெளிய சொல்லாத.

— யாருகிட்ட சொல்லப் போறேன்? எங்கூட யாரு பேசுறா? கொழாயில தண்ணி புடிக்கப் போனா, கொலைகாரன் ஆத்தா வராடின்னு கொடத்த நகத்திக்கிறாளுங்க.

— அன்னிக்கி எம்புள்ள மய்யித்த எடுக்கறதுக்கு முந்தி போலீசு வந்துச்சு. ஏட்டு பேனாவும் கையுமா நின்னான். காக்கிச் சட்டை. "செத்தவன் பேரு?" ஜெகபர் அலின்னேன். "வயசு?"ன்னான்.

— சொல்லுங்க.

— "பதினெட்டு, சார்"ன்னேன்.

— யா அல்லா! சொந்தப் புள்ளைக்கா?

— வாயி தானா சொல்லிடுச்சு. காக்கியப் பாத்ததும் வந்துடுச்சு சாரா. அவன் எழுதிக்கிட்டுப் போயிட்டான். மறுநா பேப்பர்ல, "பதினெட்டு வயது வாலிபர் குத்திக் கொலை"ன்னு போட்டான். வாலிபராம்! கொல்லைக்குப் போக பயந்துக்கிட்டு ராத்திரி என்னை எழுப்பிக் கூட்டிக்கிட்டுப் போவான் எம்புள்ள. நான் அரிக்கேன வெச்சிக்கிட்டு நிக்கணும். "அத்தா இருக்கீங்களா, அத்தா இருக்கீங்களா"ன்னு உள்ளேருந்து கேட்டுக்கிட்டே இருப்பான். அவனா வாலிபரு? பச்சப்புள்ள சாரா அவன். பச்ச மண்ணு.

— பச்ச மண்ணுதான். அழுங்க. இங்க வேற யாரும் இல்ல. என் நிஜாமும் அப்படித்தான். அங்க ஜெயில்ல, வெளக்க அணைக்காதீங்கன்னு வார்டரக் கெஞ்சுறானாம்.

— அவனையும் இவனையும் ஒரே தராசுல வெக்காத.

— வெக்கல. ஒரே மடியில வெச்சது கமருன்னிசா அக்கா. நான் இல்ல.

— நீ நெனைக்கிற மாதிரி இல்ல சாரா. போலீசுகிட்ட சொன்னது வாய் தவறி. கோர்ட்டுல சொன்னது அப்படியில்ல.

— தெரியும்.

— என்ன தெரியும்?

— அல்லா மேல ஆணையா உண்மையச் சொல்றேன்னு சொல்லிட்டு ஏறி நின்னீங்க. சர்க்கார் வக்கீலு கேட்டாரு, இவன் ஒங்க கம்பெனி ஆளுதானே, வயசென்ன இருக்கும்னு. நீங்க ஒடனே சொல்லல. என்னைத் தேடிப் பாத்தீங்க. பாத்துட்டுத்தான் சொன்னீங்க, பதினெட்டுன்னு. அந்தப் பார்வை எனக்குப் புரிஞ்சுச்சு. எம் புள்ள போயிட்டான், ஒம் புள்ளையும் போகட்டும்னு பாத்தீங்க.

— ஆமா.

— நான் ஒங்க எடத்துல இருந்தா நானும் அப்படித்தான் பாத்திருப்பேன்.

— அப்ப எந்த மொகத்த வெச்சிக்கிட்டு இங்க வந்து நிக்கிற? என்னை மன்னிக்கச் சொல்றியா? பள்ளிவாசல் ஹஜ்ரத்தும் வந்தாரு. மன்னிச்சா ஒனக்குப் பெரிய நன்மைன்னாரு. நன்மைய வெச்சி நான் யாருக்கு சோறு ஊட்டுறதுன்னு கேட்டேன். போயிட்டாரு.

— மன்னிக்க வேணாம். ஒரு நாளும் மன்னிக்க வேணாம். மன்னிப்பு ஒங்க சொத்து, குடுக்குறதும் பூட்டி வெக்கிறதும் ஒங்க இஷ்டம். ஆனா எம்புள்ள வயசு ஒங்க சொத்தில்ல. அத நீங்க எடுத்து வெச்சிருக்கீங்க. அத மட்டும் திருப்பிக் குடுங்க. அப்புறம் ஜெயில்ல எத்தன வருஷம் வேணாலும் கெடக்கட்டும். மொட்டையடிச்சு, கல்லு ஒடச்சு, கெழவனாகி வரட்டும். நான் பாக்க முடியாமப் போனாலும் சரி.

— இன்னிக்கி எழுதிக் குடுத்தா, அன்னிக்கி அல்லா பேரச் சொல்லிப் பொய் சொன்னேன்னு ஆகும். சின்னப் புள்ளைங்கள வேலைக்கு வெச்சேன்னும் ஆகும். என்னைப் புடிச்சு உள்ள போடுவானுங்க.

— போடலாம்னுதான் வக்கீலும் சொன்னாரு. மறைக்க மாட்டேன்.

— போட்டா போடட்டும். உள்ளதான் நாலு மனுஷன் மொகமாச்சும் இருக்கும். அதுக்கு நான் பயப்படல.

— அப்ப எதுக்கு பயம்?

— கையெழுத்துப் போட்டா எம்புள்ளைக்கு துரோகம் பண்ணின மாதிரி ஆயிடுமேன்னு. அவனுக்குன்னு நான் செய்ய பாக்கி இருக்கிறது இது ஒண்ணுதான். நோம்புக்குத் துணி எடுக்கணுமா, கல்யாணம் பண்ணி வெக்கணுமா? ஒண்ணும் இல்ல. இவன் தூக்குல தொங்குற அன்னிக்கி காலைல போயி அவன அடக்குன கபுருகிட்ட நின்னு, "முடிச்சிட்டேன்டா மகனே"ன்னு சொல்லணும்னு நெனச்சிருந்தேன்.

— சொல்லிட்டு?

— என்ன சொல்லிட்டு?

— சொல்லிட்டு எங்க போவீங்க? இங்கதான வந்து படுப்பீங்க?

— வேற எங்க போறது?

— ஸ்ரீரங்கத்துக் கடைங்களுக்கு பீடிக்கட்டு கொண்டு போயிட்டு, ரெண்டும் ஒத்த சைக்கிள்ல பாலத்து மேல வரும். ஒண்ணு மிதிக்கும், ஒண்ணு பின்னாடி நின்னுக்கிட்டு தோளப் புடிச்சிக்கும். அத நெனச்சுப் பேச இந்த ஊருல எனக்கு வேற யாரு இருக்கா? ஒங்களுக்கு யாரு இருக்கா? நான் வரேன் மொதலாளி. வக்கீலு வீடு மேலப்புதூர்ல, மாதா கோயிலுக்குப் பின்னாடி. ஞாயித்துக்கெழம பூசைக்குப் போயிடுவாராம். மத்த நாள்ல காலைல இருப்பாரு.

— சாரா.

— சொல்லுங்க.

— அவன் திங்கிறானா?

— அத மட்டும் கேக்காதீங்க அண்ணே. இத்தன நேரம் அழாம நின்னேன்.

*

— பெரியவரே, கம்பிய விட்டுத் தள்ளி நில்லுங்க. கைய உள்ள நீட்டக் கூடாது. வக்கீலு எழுதிக் கேட்டாரு, பெரிய அதிகாரி உத்தரவு குடுத்தாரு, அதனாலதான் விட்டிருக்கு. இல்லேன்னா செத்தவனோட தகப்பன, குத்துனவனப் பாக்க விடுற வழக்கமே இந்த ஜெயில்ல கெடையாது.

— சரிங்க வார்டரய்யா. ஒங்க பேரு?

— மருதை. ரொம்ப நேரம் ஆகாது இல்ல? டேய் நிஜாமுதீன், எந்திரிச்சு வா. யாரு வந்திருக்காங்க பாரு. செவுத்தப் பாத்துக்கிட்டு நிக்காதடா. திரும்பு.

— விடுங்கய்யா. அவன் திரும்ப வேணாம். அப்படியே கேக்கட்டும். நிஜாமு, நான்தான். எளச்சுப் போயிட்டியேடா.

— பேச மாட்டான் பெரியவரே. வந்ததுலேருந்து இப்படித்தான். என்னைக் கேட்டா, இந்த வயசுல ஒருத்தன இந்தக் கொட்டடியில பூட்டறது எனக்கே புடிக்கல. முந்தாநேத்து சுண்டெலி ஒண்ணப் புடிச்சு வெச்சிக்கிட்டு அதுங்கூட வெளையாண்டுக்கிட்டிருந்தான். நான் வேற பக்கம் திரும்பிக்கிட்டேன். டேய், பெரியவருக்குப் பதில் சொல்லுடா.

— வந்தீங்களா மொதலாளி.

— மொதலாளின்னு எப்பலேருந்துடா கூப்புடுற?

— ... அப்படிக் கூப்புடக் கூடாதுல்ல இனிமே, "அத்தா"ன்னு.

— அழாத. நானும் அழ மாட்டேன். கேளு. நேத்து வக்கீலு வீட்டுக்குப் போனேன். நீ எப்பப் பொறந்தன்னு எழுதி வெச்சிருந்தாரு. கையெழுத்துப் போட்டுட்டேன்.

— எதுக்கு?

— ஒனக்குப் பதினஞ்சு. ஜெகபருக்கும் பதினஞ்சு. கோர்ட்டுல நான் சொன்னது பொய்யின்னும் எழுதிக் குடுத்துட்டேன். இனிமே யாரு வந்து கேட்டாலும், காக்கிச் சட்ட கேட்டாலும், கருப்பு அங்கி கேட்டாலும், பதினஞ்சுன்னு சொல்லணும். புரியுதா?

— நீங்க பதினெட்டுன்னு சொல்லச் சொன்னீங்களே.

— அது அப்ப.

— அம்மாவும் சொல்லுச்சு, பதினஞ்சுன்னு சொல்லுடான்னு. நீங்க சொல்லாம எப்படி மாத்துறது? ஜெகபரக் கொன்னுட்டேன். ஒங்க பேச்சையும் மீறுனா அப்புறம்...

— மீற வேணாம். நானேதான் சொல்றேன். எங்க, சொல்லு. வயசென்ன?

— பதின... பதினெட்டு, சார்.

— டேய்.

— வாய் வர மாட்டேங்குது.

— நான் பெரம்பு எடுத்துக்கிட்டு வரலடா. கையப் பாரு, வெறுங்கை. மெதுவா சொல்லு.

— பதினஞ்சு.

— ஆமா. பதினஞ்சு. வார்டரய்யா, கேட்டீங்களா?

— கேட்டேன் பெரியவரே. எனக்குந்தான் வீட்டுல இந்த வயசுல ஒருத்தன் இருக்கான். பேசுங்க. நான் அந்தத் தாவாரத்தாண்ட நிக்கிறேன்.

— நிஜாமு, ஒண்ணு கேக்கணும். கையெழுத்துப் போட்டதுக்கு கூலியா கேக்கல. நீ சொன்னாலும் சொல்லாட்டாலும் போட்டது போட்டதுதான். அன்னிக்கி எதுக்குடா சண்ட?

— இன்ஸ்பெக்டரு வந்துட்டுப் போனாருல்ல. என்னைப் பாத்து, "பதினெட்டா? அப்ப மீச எங்கடா?"ன்னு சிரிச்சாருல்ல. அவரு போனதுக்கப்புறம் நீங்க தொழப் போயிட்டீங்க. ஜெகபரு, "மீசயில்லாத கெழவா, மீசயில்லாத கெழவா"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தான். எல்லாப் பொம்பளைங்களும் சாயாவுக்குப் போயிட்டாங்க. நான் எல வெட்டிக்கிட்டிருந்தேன். வேணாம்டான்னேன். பின்னாடி வந்து வேட்டிய உருவினான். எனக்கு வெக்கமா போயிடுச்சு. திரும்பி ஒரே தள்ளா தள்ளினேன். கையில கத்திரி இருந்துச்சு. இருந்தது தெரியும். தெரியாமன்னு சொல்ல மாட்டேன்.

— இதையா நீ கோர்ட்டுல சொல்லாம இருந்த?

— வேட்டிய உருவினான்னு அத்தன பேரு முன்னாடி எப்படிச் சொல்றது?

— சரி. அப்புறம்? ஏன்டா கத்தல? ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாதா? பெரியாஸ்பத்திரி எவ்வளவு தூரம்? அவனப் போட்டுட்டு எலையத் தொடச்சிக்கிட்டிருந்தியேடா. அத மட்டும் சொல்லிடு. ராத்திரியெல்லாம் அதான்டா என்னைத் தின்னுது.

— சொல்ல மாட்டேன்.

— ஏன்?

— ஜெகபருகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன். ஒங்ககிட்ட சொல்ல மாட்டேன்னு.

— செத்துப் போனவன்டா அவன்.

— அதனாலதான் சொல்ல மாட்டேன்.

— நிஜாமு. நான் அவனப் பெத்தவன். அவன் கடைசியா பேசுனது ஒங்கிட்டத்தான். அது என்னன்னு தெரியாமலே நான் போயி சேரணுமா?

— ... சொன்னா அடிக்க மாட்டீங்கல்ல?

— அடிக்க மாட்டேன்.

— ஜெகபரையும் திட்டக் கூடாது.

— திட்ட மாட்டேன்டா. சத்தியமா திட்ட மாட்டேன்.

— நான் கத்தத்தான் போனேன் அத்தா. அவன்தான் என் வாயப் பொத்துனான். "கத்தாதடா, அத்தாவுக்குத் தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் விழும். எனக்கு ஒண்ணுமில்ல, சும்மா எரியுது, செத்த நேரம் படுத்திருக்கேன். எலையெல்லாம் நனைஞ்சு போச்சு பாரு, அத்தா வர்றதுக்குள்ள தொடச்சு வெச்சிடு"ன்னான்.